சோபாவில் மூன்று தடம்

தில்லை நகரில், ஒரு அபார்ட்மென்டின் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு, புனேயில் வேலை பார்க்கும் மகன் ஒரு சோபா வாங்கி அனுப்பினான். சாம்பல் நிறம், மைக்ரோஃபைபர் துணி. உட்காருவது நான் ஒருத்தி, இடம் மூன்று பேருக்கு. என்ன கணக்கோ.

தலை சாய்க்கும் இடத்தில் என் தேங்காயெண்ணெய் இறங்கிக் கறையாகிவிட்டது. எண்ணெய்க்குக் கடலைமாவு, இதுகூடவா தெரியாது எனக்கு? மத்தியானம் அள்ளி அப்பிவிட்டுத் தூங்கி எழுந்தால், காந்தி மார்க்கெட் மாதிரி எறும்புக் கூட்டம்.

வீடியோ காலில் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "குஷனுக்கு அடியில ஒரு துணிச்சீட்டு தச்சிருக்கும், பாரும்மா."

பார்த்தேன். எஸ் என்று ஒரே ஓர் எழுத்து. தண்ணீர் படக்கூடாது, ஸ்பிரிட்தான் போட வேண்டும் என்று அர்த்தமாம். சிரித்து முடித்ததும் அவன் குரல் மாறியது.

"அங்க உன்னைப் பாக்க யாரு வராங்க, சொல்லு? பொங்கலுக்கு வரும்போது வீட்டைப் பூட்டிட்டு உன்னை இங்க கூட்டிட்டு வந்துடறேன்."

"போடா" என்றேன். கோபம் கோபமாக வந்தது, அவன் சொன்னது உண்மை என்பதால். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் நாத்தனாருக்கு மூட்டுவலி, வாசல் தாண்ட மாட்டாள். எதிர் வீட்டுத் தம்பதி நல்லவர்கள்தான். லிஃப்டில் பார்த்தால் "சாப்பிட்டீங்களா?" என்பார்கள். நான் பதில் சொல்வதற்குள் கீழ்த்தளம் வந்துவிடும். ஆனாலும் இது என் வீடு. பொங்கலுக்கு அவன் வர வேண்டும், என்னை இங்கேயே விட்டுவிட்டும் போக வேண்டும். எனக்கு இரண்டும் வேண்டும்.

மறுநாள் மெடிக்கல் ஷாப்பில் ஸ்பிரிட் கேட்டேன்.

"யாருக்குங்கம்மா அடிபட்டுச்சு?"

"சோபாவுக்கு."

கடைக்காரர் சிரிக்காமல் பாட்டிலை நீட்டினார். அன்று நான் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான்.

ஜன்னலைத் திறந்து வைத்து, வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றி ஒற்றி எடுத்தேன். சாயத் துணி என்றால் சோபாவில் நிறம் ஒட்டிக்கொள்ளும். கறை கொஞ்சம் கொஞ்சமாகத் துணிக்கு வந்தது. காய்ந்ததும் அந்த இடம் விறைத்துப் போய்விட்டது. மிருதுவான பிரஷால் தேய்த்துவிட்ட பிறகுதான் வழிக்கு வந்தது. அதே ஜோரில் சோபா முழுவதையும் ஒரே பக்கமாகத் தேய்த்துவிட்டேன். நடுவில் கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தபோதுதான் கவனித்தேன், இந்தத் துணியில் உட்கார்ந்த தடம் அப்படியே தெரிகிறது. என் தடம் ஒன்றுதான். இரண்டு பக்கமும் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகன் கூப்பிடும் நேரத்துக்கு முன்னால் இடது பக்கம் கொஞ்ச நேரம், வலது பக்கம் கொஞ்ச நேரம் நன்றாக அழுத்தி உட்கார்ந்தேன். இரண்டு டம்ளர் காபி போட்டு, இரண்டையும் நானே குடித்து, காலி டம்ளர்களை டீப்பாயில் வைத்தேன்.

"கறை போயிடுச்சு, பாரு" என்று போனைச் சோபா பக்கம் திருப்பினேன்.

"யாரும்மா வந்தாங்க?"

"எதிர் வீட்டுக்காரங்க ரெண்டு பேரும். இப்பத்தான் எழுந்து போறாங்க. பேச உட்கார்ந்தா விட மாட்டேங்கறாங்கடா."

அவன் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப சரிம்மா. நீ அங்கயே இரு. இனிமே இங்க வான்னு சொல்ல மாட்டேன்."

வீடு பிழைத்தது என்று மனசுக்குள் குதித்தேன். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"லீவு கிடைக்கிறது கஷ்டமா இருக்கும்மா. உனக்குத்தான் அங்க ஆளுங்க இருக்காங்களே. பொங்கலுக்கு நான் வரலன்னா பரவாயில்லையா?"

வேறென்ன சொல்வது? "பரவாயில்லடா. எனக்கு இங்க பேசவே நேரம் பத்தல" என்றேன்.

டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தேன். பிரஷை எடுத்து மூன்று தடத்தையும் தேய்த்து அழித்தேன். பொங்கலுக்கு வந்து அவன் உட்காருவான் என்றுதானே இந்தப் பாடு பட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தரையில் உட்கார்ந்துதான் அழுதேன். அந்தத் துணிக்குத் தண்ணீர் ஆகாது.