ஒரு முழுநாள் கிடைத்தால்

எங்கள் அத்தை இங்கிலீஷ் படித்தது நெல்லின் மேல் நடந்துகொண்டுதான். அவித்த நெல்லை முற்றத்துப் பாயில் பரப்பினால் அடிக்கடி காலால் கிளறிவிட வேண்டும். அத்தை பாயில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தபடி, “ஐ ஷுட் ஸ்பெண்ட் மை டைம் யூஸ்ஃபுல்லி” என்பாள். முனையில் திரும்பி, “ஐ மஸ்ட் நாட் ஸ்பெண்ட் மணி ஆன் ஃபேன்ஸி திங்ஸ்” என்பாள். நான் கையில் தாளை வைத்துக்கொண்டு, வார்த்தை பிசகுகிறதா என்று பார்த்தபடி பின்னாலேயே நடப்பேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளியில் இங்கிலீஷ் ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஆனால் பிழை கண்டுபிடிக்க அது போதும் என்று நினைத்திருந்தேன்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பள்ளிப் படிப்பு முடித்து வீட்டில் இருந்தாள். வீட்டில் இருந்தாள் என்று சொன்னால் சும்மா இருந்தாள் என்று அர்த்தமில்லை. விடியுமுன் நெல் அவிக்க எழுவாள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட தாத்தா இரவெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அத்தையும் அம்மாவும் முறைவைத்து எழுந்து ஓடுவார்கள். குளச்சலில் கொப்பரை வியாபாரம் செய்த ஒருவர், மனைவியை இழந்தவர், அத்தையைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு எடுத்தால் படிக்கட்டும், இல்லாவிட்டால் மறு ஞாயிறே சபைக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துக் குளச்சல்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அத்தை நெல்லில் நடக்கிற வேகம் கூடிவிட்டது.

ஆஸ்பத்திரியில் பெண்களைத் தேர்ந்தெடுப்பது ஒரு வெள்ளைக்கார மதாம்மா. கிடைக்கிற நேரத்தை எப்படிச் செலவு செய்வாய், கையில் பத்து ரூபாய் இருந்தால் என்ன செய்வாய் என்று இரண்டே கேள்விதான் கேட்பாராம். எங்கள் சபை உபதேசியாரின் மனைவி இதைத் துப்பறிந்து, ஆசைப்பட்ட பெண்களுக்கெல்லாம் பதில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லியிருந்தாள். மஸ்ட் என்றால் செய்தே தீர வேண்டியது, ஷுட் என்றால் செய்வது நல்லது, குட் என்றால் செய்ய முடிந்தது, வுட் என்றால் நம் இஷ்டம். இந்த நாலையும் வைத்து அவள் எழுதிய பதிலில் பெண்கள் நேரம் கிடைத்தால் நோயாளிகளுக்கு வேதம் வாசித்தார்கள், அநாதைப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள். பத்து ரூபாயை அப்படியே கோயிலில் காணிக்கை போட்டார்கள். எங்கள் பக்கத்தில் உலை வைக்குமுன் கர்த்தருக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பது வழக்கம். அதையும் அவள் விடவில்லை, இங்கிலீஷில் சேர்த்துவிட்டாள்.

போக வேண்டிய நாள் வந்தது. வயதுக்கு வந்த பெண்ணைத் தனியாக அனுப்பக்கூடாது என்று என்னைக் காவலுக்கு அனுப்பினார்கள். என்னை யார் காப்பது என்று யாரும் கேட்கவில்லை. அத்தை நடந்த வேகத்தில் நான் பாதி வழி ஓடிக்கொண்டுதான் போனேன்.

“ஏட்டி, பைய வா. விழுந்துராத” என்று சொல்லிவிட்டு அவள் இன்னும் வேகமாக நடந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சு நிறையப் பெண்கள். எல்லோரும் வெள்ளைச் சேலை, எல்லோருக்கும் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். ஜன்னல் திறந்திருந்ததால் பேச்சு வெளியே நன்றாகக் கேட்டது. முதல் பெண் நோயாளிகளுக்கு வேதம் வாசித்தாள், அநாதைகளுக்குச் சட்டை தைத்தாள், பத்து ரூபாயைக் காணிக்கை போட்டாள். அடுத்தவளும் வேதம் வாசித்துச் சட்டை தைத்தாள். அதற்கடுத்தவள் பிடி அரிசியில் தடுக்கி, மறுபடி வேதத்திலிருந்து ஆரம்பித்தாள். எனக்கும் எல்லாம் மனப்பாடம் என்பதால் கூடவே சொல்லிக்கொண்டிருந்தேன். சுற்றுவட்டாரத்து மூன்று சபைப் பெண்களுக்கும் உபதேசியார் மனைவி ஒருத்திதான் வாத்தியார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஜன்னல் வழியாகக் கேட்கிறவரை அது யாருக்கும் உறைக்கவில்லை.

அத்தைக்கு உறைத்துவிட்டது. பெஞ்சில் இருப்புக் கொள்ளாமல் எழுந்து வராந்தாவில் நடக்க ஆரம்பித்தாள். கால்களை நெல் கிளறுவது போலவே இழுத்து இழுத்து நடந்தாள். “நானும் இதத்தான் சொல்லணும். வேற என்ன தெரியும் எனக்கு?” என்றாள் என்னிடம். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் பின்னால் நடந்து பிழை பார்த்தது வீணாகிவிடுமே என்றுதான்.

அத்தையைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். நான் யாரையும் கேட்காமல் கூடவே உள்ளே போய்விட்டேன்.

மதாம்மா களைத்துப்போயிருந்தார். “இஃப் யூ ஹேட் எ ஹோல் டே…” என்று ஆரம்பித்ததுமே அத்தை, “ஐ ஷுட் ஸ்பெண்ட்…” என்று பிடித்துக்கொண்டாள். மதாம்மா கையைத் தூக்கி நிறுத்திவிட்டு, வேதப்புத்தகத்துத் தமிழில் சொன்னார்: “மகளே, நீ செய்ய வேண்டியதை நான் கேட்கவில்லை. அதைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு முழுநாள் உனக்குக் கிடைத்தால், ஒருவரும் உன்னைக் கூப்பிடாதிருந்தால், நீ என்ன செய்வாய்?”

நான் பின்னாலிருந்து அத்தையின் சேலையை இழுத்தேன். வாயசைத்து வேதம், வேதம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் திரும்பவே இல்லை. மதாம்மாவையே பார்த்துக்கொண்டு, “ஐ வுட் ஸ்லீப்” என்றாள்.

எனக்கு மானம் போயிற்று. பகலில் உறங்குவது எங்கள் வீட்டில் பெண்களுக்கு நோய் வந்தால் மட்டும்தான்.

“நாள் முழுதுமா?”

“எஸ், மதாம்.”

“பத்து ரூபாய் இருந்தால்?”

அத்தைக்கு இங்கிலீஷ் முடிந்துவிட்டது. “கதவுக்கு ஒரு கொண்டி வாங்குவேன்” என்றாள் தமிழில். “உள்ள இருந்து பூட்டுகதுக்கு.”

மதாம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நின்றதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார்: “நர்சுகளுக்கு உறக்கம் கொஞ்சமே என்று நீ அறிவாயா?”

“இப்பளும் கொஞ்சந்தான், மதாம்மா.”

“வருகிற திங்கட்கிழமை பெட்டியோடு வந்துவிடு” என்றார்.

திரும்பி வரும்போது அத்தை வழியெல்லாம் அழுதாள், நடையை மட்டும் குறைக்கவில்லை. நான் வீட்டுக்குள் நுழைந்ததுமே நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டிவிட்டேன். திங்கட்கிழமை போக வேண்டும் என்று கேட்டபோது அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். உறங்குவேன் என்று அத்தை சொன்னதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

“பொம்பளப் பிள்ள வெள்ளக்காரிகிட்ட சொல்லுத பேச்சா இது? ஒறங்கணுமாம், கதவ அடச்சிட்டு!” அத்தை தலையைக் குனிந்து நின்றாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். “இவ போனா ராத்திரி அப்பாவுக்கு யாரு எந்திரிப்பா?”

எல்லாம் முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓலைதான் என்று நினைத்தேன். அப்பா சொன்னதற்கு அம்மா எதிர்ப்பேச்சு பேசி நான் கேட்டதில்லை.

“நானிருக்கேன்லா” என்றாள் அம்மா. “அவ போவட்டும்.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அத்தை அம்மாவின் கையைப் பிடித்து, “மைனி…” என்று ஏதோ சொல்ல வந்தாள். “போயி ஒனக்க பெட்டிய எடுத்து வைய்யி” என்று அம்மா அவளை உள்ளே விரட்டிவிட்டாள்.

பிறகு அடுப்படியில் என்னைக் கூப்பிட்டு, “அது என்னட்டி, அவ இங்கிலீசுல சொன்னது?” என்று கேட்டாள்.

“ஐ வுட் ஸ்லீப்.”

“ஐ வுட்டு…” அம்மா நிறுத்தினாள். “பொறவு?”

“ஸ்லீப். வுட்டு இல்லம்மா, வுட்.”

“ஐ வுட்…”

உள்ளேயிருந்து தாத்தா கூப்பிட்டார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “முழுசாச் சொல்லிட்டுப் போங்கம்மா” என்றேன். கேட்காதது போலப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தேன், வரவில்லை. எனக்கா பொறுமை? அம்மாவுக்கு இங்கிலீஷ் ஏறாது என்று முடிவு பண்ணிவிட்டு, அத்தை பெட்டியில் என்னென்ன வைக்கிறாள் என்று பார்க்க ஓடிவிட்டேன்.