முட்டை மடியில், மெஷின் தலையில்

என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஊரில் சீப்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவரே ஒரு நிமிஷம் யோசித்துத்தான் சொல்வார். காதுக்கு மேல் எந்நேரமும் ஒரு சீப்பு செருகியிருக்கும். தூங்கும்போதும் இருக்கும் என்று தங்கச்சி சொல்லியிருக்கிறாள். அவருடைய அப்பாவும் முடிவெட்டுகிறவர்தான், பெரியப்பாவும் அதேதான். அந்தப் பெரியப்பா ஒரு கண்ணில் பார்வை போன பிறகும் பத்து வருஷம் வெட்டினார். எங்கள் ஊர் ஆண்களுக்கு வலப்பக்கம் மட்டும் அழகாக இருந்தது அந்தப் பத்து வருஷம்தான்.

சீப்புக்கு ஐம்பது தாண்டியதும் வலது கட்டைவிரல் மூட்டு வீங்கிக்கொண்டது. கை மெஷினை அழுத்தி அழுத்தி வந்த வினை. எண்ணெய் தடவினார், வெந்நீரில் வைத்தார், ஒன்றுக்கும் மசியவில்லை. நாலு தடவை அழுத்தினால் ஐந்தாவது தடவை விரல் மடங்காது. மெஷின் முடியைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும். வலி பொறுக்காமல் ஆள் எழுந்தால் மெஷினும் தலையோடு சேர்ந்து எழும். ஒருத்தர் அப்படியே வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"வேற தொழில் ஏதாச்சும் பாரேன் தம்பி" என்றார் கொத்தனார். இவர் என் தாய்மாமன் மகன். தலையில் ஒரு முடி கிடையாது. ஆனால் பேச்சுத் துணைக்கு தினமும் சீப்பின் வீட்டு முன்னறைக் கடையில்தான் இருப்பார்.

"எனக்குத் தலைய விட்டா வேற எதையும் பாக்கத் தெரியாதுண்ணே" என்றார் சீப்பு. அது உண்மைதான். யாரைப் பற்றிப் பேசினாலும் அவருக்குப் பின்மண்டைதான் ஞாபகம் வரும், முகம் வராது.

கரண்டில் ஓடுகிற மெஷின் ஒன்று வாங்கினால் விரலுக்கு வேலையில்லை. ஆனால் எங்கள் ஊரில் கரண்ட் இல்லை. கடைசி மின்கம்பம் மூன்று கல் தொலைவில், வயல் நடுவே, வழி மறந்தவன் மாதிரி நிற்கிறது. அங்கிருந்து அது ஓர் அடி எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் மனு மாப்பிள்ளை வந்தார். என் சித்தப்பாவின் இரண்டாவது மகளைக் கட்டியவர், ஆகவே சீப்புக்குச் சகலை. மனு எழுதுவதில் கெட்டிக்காரர். தன் கல்யாணத்துக்கே சம்மதம் கேட்டுச் சித்தப்பாவுக்கு மனுதான் போட்டார், நகல் இணைத்து.

"சகலை, சோலார் தகடு குடுக்குறாங்க. கரண்ட் இல்லாத ஊருக்கு மட்டும். ஒரு கம்பம், ஒரு தகடு, பேட்டரி வெச்ச ஒரு பெட்டி. நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. நான் எழுதிப் போடுறேன், நீ கையெழுத்த மட்டும் போடு."

சீப்பு போட்டார். எதில் போட்டார் என்று பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் தகடு வந்தது. முற்றத்தில் கம்பம் நட்டு, அதன் மேல் தகட்டைச் சாய்த்து வைத்து, பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். பெட்டியில் வயர் செருக ஒரே ஓர் இடம். அதில் மெஷினைச் செருகியதும் ஈக்கூட்டம் மாதிரி ரீங்காரம் கேட்டது. சீப்பு அதைத் தன் கட்டைவிரலின் மேல் வைத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர்.

"மச்சான், உக்காருங்க. மொத தலை உங்களுது."

அதில் ஒரு சங்கடம் உண்டு. பேட்டரியில் தேங்குகிற கரண்ட் ராத்திரி ஒரு பல்புக்குத்தான் காணும், நல்ல வெயில் இருந்தால்தான் மெஷின் ஓடும். மேகம் வந்தால் முனகிவிட்டு நின்றுவிடும். பாதித் தலையோடு ஆட்கள் மளிகைக் கடைக்குப் போவதும் வயலுக்குப் போவதும், வெயில் வந்ததும் ஓடி வருவதும் ஊருக்குப் பழகிப்போயிற்று. யார் வந்தார்கள் என்று கேட்டால் இடப்பக்கம் வெட்டினவரா, வலப்பக்கமா என்று கேட்கிற அளவுக்கு.

ஆறு மாதம் இப்படி நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு நாள் ஒரு ஜீப் வந்து நின்றது. டிரைவர் இறங்கி ஒரு கடிதத்தையும் அட்டைத் தட்டு ஒன்றையும் கொடுத்தார். தட்டில் இருபத்து நான்கு முட்டைகள். ஒவ்வொன்றிலும் ஊதா மையில் வட்ட முத்திரை, அதற்குள் ஒரு எண்.

மனு மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கடிதத்தைப் படிக்கச் சொன்னோம். அவர் பாதி படித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

"என்ன எழுதித் தொலைச்ச?" என்றாள் தங்கச்சி.

"அண்ணி, முடிவெட்டுன்னு ஒரு பிரிவே இல்ல. தண்ணி எறைக்கலாம், துணி தைக்கலாம், குஞ்சு பொரிக்கலாம். அவ்வளவுதான் போட்டிருந்துச்சு. அதான் குஞ்சு பொரிக்கிற பண்ணைன்னு எழுதினேன். முட்டை இருபத்து நாலுன்னு சும்மா ஒரு கணக்குக்குப் போட்டேன்."

விஷயம் இதுதான். இருபத்தோராம் நாள் அதிகாரி நேரில் வருவார். குஞ்சுகளையும் முத்திரை போட்ட ஓடுகளையும் பார்ப்பார். தகடு சொன்ன வேலைக்குப் பயன்படவில்லை என்றால் அன்றைக்கே கழற்றி எடுத்துப் போவார். பக்கத்து வீட்டில் குஞ்சு இரவல் வாங்கலாம். முத்திரை போட்ட ஓட்டை எங்கே இரவல் வாங்குவது?

சீப்பு தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடி அலமாரியில் கீழ்த்தட்டைக் காலி செய்து, உமி பரப்பி, முட்டைகளை அடுக்கி, ஒரு பல்பு தொங்கவிட்டோம். பல்பு வயரைச் செருகினால் மெஷினுக்கு இடமில்லை. மெஷினைச் செருகினால் முட்டை குளிர்கிறது. இருபத்தொரு நாள் கடையை மூடலாம் என்றால் ஊர் காடு மாதிரி ஆகிவிடும், வீட்டில் அடுப்பும் எரியாது.

தங்கச்சிதான் வழி சொன்னாள். அவள் சின்ன வயசிலிருந்தே அப்படி. எல்லோரும் பேசி முடிக்கும் வரை பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள், பிறகு ஒரே வார்த்தை.

"ஏங்க, முடிவெட்டுறப்ப போத்துற துணிக்குக் கீழ ஆளுங்க சும்மாதானே உக்காந்திருக்காங்க?"

அன்றிலிருந்து நடைமுறை இது. ஆள் வந்து உட்கார்ந்ததும் மடியில் ஒரு துண்டு விரிப்பாள். அதில் ஆறு முட்டைகளைக் கதகதப்பாக வைப்பாள். மீதி மூன்று பங்கும் பெஞ்சில் காத்திருப்பவர்களுக்கு. மேலே துணியைப் போர்த்தியதும் சீப்பு பல்பைப் பிடுங்கி மெஷினைச் செருகுவார். இருமக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, சிரிப்பு வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெட்டி முடிந்ததும் முட்டைகள் அலமாரிக்கு, பல்பு திரும்பப் பெட்டிக்கு.

முதல் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள். "முடிவெட்ட வந்தேனா, அடைகாக்க வந்தேனா?" என்றார் பால்காரர். நாலாம் நாள் அவரே வந்து, "என் பதினேழ எடுத்துக் குடுங்க, வேற வேண்டாம்" என்றார். எண் போட்டு அனுப்பியதுதான் வினை. ஒவ்வொருத்தருக்கும் ஓர் எண் மேல் பாசம் விழுந்துவிட்டது. வெட்டி மூன்று நாள் ஆனவர்கள் மறுபடி வந்து, பின்கழுத்தில் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது என்றார்கள். வழுக்கைத் தலைக் கொத்தனார் தினம் இரண்டு வேளை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"அத்தான், உங்களுக்கு என்ன வெட்டுறது?" என்று தங்கச்சி கேட்டாள்.

"புருவத்த லேசா பாக்கச் சொல்லும்மா" என்றார், அசையாமல்.

எனக்கு எட்டாம் எண் வாய்த்தது. அதைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டாம்.

இருபத்தோராம் நாளுக்கு எங்கள் திட்டம் தெளிவாக இருந்தது. கடைக்கு யாரும் வரக் கூடாது. நாற்காலியைக் கொல்லையில் போடுவது, கண்ணாடியைத் திருப்பி வைப்பது, பல்பை எரியவிடுவது, அதிகாரி கேட்டால் கோழிப்பண்ணை என்பது. ஆனால் விடிந்ததும் முற்றம் நிறைய ஆட்கள். குளித்து, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார்கள்.

"போங்கய்யா, ஆபீசர் வர்ற நேரம்" என்று சீப்பு கும்பிட்டார்.

"இருபது நாள் மடியில வெச்சிருந்தவன் தம்பி நான்" என்றார் கொத்தனார். "பொறக்குறப்ப போன்னா எப்படிப் போறது?"

போதாததற்கு வானம் மூடிக்கொண்டது. ராத்திரி முழுக்க எரிந்த பல்பு மங்கிச் சிவந்தது. அலமாரிக்குள் கையை விட்டுப் பார்த்த தங்கச்சி துண்டுகளை எடுத்தாள். ஜீப் வந்து நின்றபோது நாங்கள் நாலு பேர் வரிசையாகப் போர்வை போர்த்தி, மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தோம். நாற்காலி, கண்ணாடி எல்லாம் அதனதன் இடத்தில்.

அதிகாரி ஒல்லியான மனிதர், கையில் கோப்பு. சுற்றிப் பார்த்தார்.

"கோழிப்பண்ணை எங்க?"

கொத்தனாரின் துணிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம்.

"சார், எழுந்து கும்பிடலன்னு தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார் கொத்தனார். "எனக்கு ஆரம்பிச்சிருச்சு."

துணியை விலக்கிக் காட்டவேண்டியதாயிற்று. அதிகாரி முட்டைகளைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். பெட்டியில் செருகியிருந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அலமாரிப் பல்பில் முடிந்தது. பக்கத்தில் மெஷின், அதன் பற்களில் நேற்றைய முடி.

"அப்ப, தகடு முடிவெட்டுது. மனுஷன் அடைகாக்குறான். அப்படித்தானே?"

"பாத்தா அப்படித்தான் தெரியும் சார்" என்றார் மனு மாப்பிள்ளை. "இது சம்பந்தமா ஒரு மனு…"

"பேசாதீங்க." அதிகாரி டிரைவரிடம் திரும்பினார். "ஸ்பேனர் எடுத்துட்டு மேல ஏறுப்பா. கழட்டிரலாம்."

டிரைவர் ஏணியைச் சாய்த்தார். தங்கச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சீப்பு கெஞ்சவில்லை, விரலைக் காட்டவில்லை. அதிகாரியின் பின்னால் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கழட்டுறது கழட்டுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பின்னால யார் வெட்டினது?"

அதிகாரியின் கை தானாகப் பின்மண்டைக்குப் போனது. "ஏன்?"

"படிக்கட்டு மாதிரி இருக்கு சார். மூணு படி."

"வீட்டுல… எங்க வீட்டம்மா. ஊர் ஊரா சுத்துறேன், நேரம் எங்க இருக்கு? ரொம்பத் தெரியுதா?"

"முன்னால நிக்கிறவங்களுக்குத் தெரியாது சார். முதுகு காட்டாத வரைக்கும் பிரச்சினை இல்ல."

அன்று சாயங்காலம் அவர் தன் மேலதிகாரியைப் பார்க்க வேண்டுமாம். அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது. வெயில் நாற்காலியின் மேல் விழுந்தது.

"பத்தே நிமிஷம்" என்றார் அதிகாரி. "அப்புறம் கழட்டுறதுதான்."

சீப்பு அவ்வளவு அழகாக வெட்டி நான் பார்த்ததில்லை. வலப்பக்கம் வழவழவென்று இறங்கியது, மூன்று படியில் ஒன்றரைப் படி காணாமல் போனது. நடுமண்டையைத் தாண்டும்போது மெஷின் முனகியது. நின்றது. அண்ணாந்து பார்த்தால் மறுபடி மேகம், எருமை மாதிரி அசையாமல் படுத்திருக்கிறது.

அதிகாரி கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். அந்த நேரம் மேலேயிருந்து டிரைவர், "சார், மூணு போல்ட் எடுத்தாச்சு, நாலாவதையும் கழட்டவா?" என்றார்.

"எடுத்த மூணையும் மாட்டிட்டு இறங்குய்யா!" என்று அதிகாரி கத்தியது வயல்வரை கேட்டிருக்கும்.

வேறு வழியில்லை, காத்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருப்பவரைத் தங்கச்சிக்குப் பார்க்கப் பிடிக்காது. பால்காரர் மாட்டைக் கவனிக்கப் போயே தீரவேண்டிய நேரம். அவர் மடித் துண்டை அப்படியே தூக்கி அதிகாரி மடியில் வைத்தாள்.

"இருமாதீங்க சார்" என்றார் பால்காரர், போகிற போக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பதினேழ மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க."

இரண்டு மணி நேரம். முதலில் கோப்பைப் புரட்டினார். பிறகு கோப்பைக் கீழே வைத்தார். பிறகு கொத்தனாரிடம், "உங்களுக்கு எத்தன ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். கொத்தனாருக்கு அப்போது நாலு. எனக்கு எட்டாம் எண் பிறந்திருந்தது. அதிகாரிக்கு ஒன்றும் அசையவில்லை. அவர் முகம் வாடியது. சீப்பு, "மொத தடவ அப்படித்தான் சார்" என்று தேற்றினார்.

திடீரென்று அதிகாரி சிலை மாதிரி ஆனார். உதடு மட்டும் அசைந்தது. "அம்மா… இங்க வாங்களேன். எதுவோ குத்துது."

பதினேழுதான். ஓட்டைக் குத்தி, ஊதா முத்திரையை இரண்டாகப் பிளந்து, ஈரமாக ஒரு தலை வெளியே வந்து அவரைப் பார்த்தது. அவர் கோப்பைத் தேடினார், பிறகு கைக்குட்டையைத் தேடினார்.

வெயில் வந்ததும் சீப்பு இடப்பக்கத்தை முடித்தார். மொத்தம் பத்தொன்பது குஞ்சுகள், பத்தொன்பது ஓடுகள், எல்லாம் எண்ணிச் சரிபார்க்கப்பட்டன. அதிகாரி படிவத்தை நிரப்பினார். 'தகடு பயன்பாட்டில் உள்ளதா' என்ற இடத்தில் 'உள்ளது' என்று எழுதினார். 'வெப்பம் தரும் முறை' என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவைக் கடித்தார். கடைசியில் 'பயனாளிகள்' என்று எழுதி முத்திரை குத்தினார். போகும்போது முதுகைக் காட்டியபடி நடந்தார், கொஞ்சம் மெதுவாகவே.

தகடு எங்கள் முற்றத்திலேயே தங்கிவிட்டது. சீப்பின் கட்டைவிரலும் இப்போது நிம்மதியாக மடங்குகிறது. இவ்வளவோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போன வாரம் அதே ஜீப் வந்தது. மாவட்டத்திலேயே முன்மாதிரிப் பண்ணை என்று கடிதம். பின்னால் இருநூறு முட்டைகள்.

சீப்பு ஊரில் உள்ள தலைகளை விரல்விட்டு எண்ணினார். கைக்குழந்தையையும் சேர்த்து நாற்பத்தொன்று வந்தது. காதிலிருந்து சீப்பை எடுத்து, திருப்பிச் செருகிக்கொண்டார்.

"மச்சான், தலைக்கு அஞ்சு முட்டை. தாங்குவாங்களா?"

தங்கச்சி ஏற்கனவே பெரிய போர்வையை வெட்டித் தைக்க ஆரம்பித்திருந்தாள். வாசலில் வரிசை நிற்கிறது, கொத்தனார் முதல் ஆள். புருவத்தில் கொஞ்சம் வளர்ந்திருக்கிறதாம்.