மஞ்சள் அரளிப் பருப்பு

மஞ்சள் அரளிக் காயைக் கிள்ளினால் வடியும் பால் விரலில் பிசுபிசுவென ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் ஒரு பச்சை வாடை நகக்கண்ணில் தங்கியிருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த ரயில்வே ‘கோட்டர்ஸ்’ வரிசையின் பின்புறம் அந்தச் செடிதான் வேலி. ஒடுங்கிய நீண்ட இலை, புனல் போன்ற மஞ்சள் பூ, நடுவில் வரம்பு வைத்த பச்சைக் காய், அதற்குள் கெட்டியான கொட்டை, உடைத்தால் வெளுத்த பருப்பு. “ஆடுகூட வாய் வைக்காது” என்பார் அம்மா. அதற்குமேல் யாரும் விளக்கியதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. பக்கத்து வீட்டு ராசாத்திக்கு ஐந்து. ஒரு மத்தியானம் இருவரும் ‘சோறாக்கி’ விளையாடினோம். சிரட்டையில் மணலை நிரப்பி, கல்லால் உடைத்தெடுத்த அரளிப் பருப்பை ‘முந்திரி’ என்று அதன்மேல் தூவி, விருந்தாளியான அவளுக்குப் பரிமாறினேன். நான் தின்பதுபோல் வாயருகே கொண்டுபோய்க் கீழே போட்டேன். அவள் மணலை ஒதுக்கிவிட்டுப் பருப்பை மென்றாள்.

“கசக்குதுக்கா.”

“விருந்துல குறை சொல்லக் கூடாது” என்றேன். விழுங்கினாள்.

சிறிது நேரத்தில் வாய் எரிகிறது, நாக்கு மரத்துப்போகிறது என்று அழுதாள். பிறகு விடாமல் வாந்தி. மருந்து கொடுக்கும் ‘டிரசர்’ வந்து நாடி பிடித்தார். விட்டுவிட்டு அடிக்கிறது என்றார்.

“என்ன தின்னுச்சு?”

“காலையில பழைய கஞ்சிதாங்க” என்றார் அவள் அம்மா, அஞ்சலை அத்தை.

டிரசர் என் பக்கம் திரும்பினார். “நீதானே கூட விளையாண்ட? எதுனா குடுத்தியா?”

“இல்ல” என்றேன்.

கஞ்சி கெட்டிருக்கும் என்று ஏதோ மருந்து கொடுத்துவிட்டுப் போனார். அத்தை தலையில் அடித்துக்கொண்டு, தான் ஊற்றிய கஞ்சியையே சபித்தார். அதைக் கேட்கப் பொறுக்காமல், விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா அடிக்கவில்லை, காயோடு ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு டிரசரிடம் ஓடினார். பார்த்ததும் அவர் ரிக்‌ஷா கூப்பிடச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன்பே ராசாத்தியின் நாடி அடங்கிவிட்டது.

காரியம் முடிந்த பிறகு அம்மா என்னை அத்தையிடம் அழைத்துப்போய் என் வாயாலேயே சொல்ல வைத்தார். அத்தை என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அப்ப, கஞ்சி இல்லியே?”

“இல்ல அத்தை.”

“கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே, கண்ணு.”

அந்த மாதமே அவர்கள் கிள்ளானுக்குக் குடிபெயர்ந்தார்கள். வேலியை ஆண்கள் வேரோடு வெட்டி எரித்தார்கள். இன்று அந்த வீடுகளும் இல்லை, அங்கே இருந்தவர்களில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. அந்தப் பருப்பு இதயத்தையே பிடித்து நிறுத்தும், முன்பே தெரிந்திருந்தாலும் பிழைத்திருப்பாளா என்று தன்னால் சொல்ல முடியாது என்று டிரசர் அப்போதே அப்பாவிடம் சொன்னாராம். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று அப்பா அதை என்னிடம் சொன்னார். ஆறுதலாக இருந்ததில்லை.