மலை அச்சடித்த டிக்கெட்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் தாய்மாமாவின் சினிமா கொட்டகைக்கு நான் மேனேஜர். கொட்டகை செங்கம் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் இருந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் ஜனம் அவ்வளவு தூரம் நடந்து வந்து, டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று தெரிந்து, எங்களைத் திட்டிக்கொண்டே திரும்பி நடக்கும்.

"பஸ் ஸ்டாண்டுகிட்டயே ஒரு கவுன்டர் போட்டா இன்னா மாமா?" என்று கேட்டவன் நான்தான். யோசனை சொன்னவன் தலையில்தான் வேலை விழும் என்பது அப்போது தெரியாது.

"போடு," என்றார் மாமா. "மொத நாளே சொதப்புன, கொட்டகை பக்கம் வராத. நம்ம ஊரு கீழ்பென்னாத்தூருக்கே போயி கடலை உரி."

கடலை உரிப்பதை நான் கேவலமாக நினைப்பவனல்ல. நகம்தான் வலிக்கும்.

சைக்கிள் கடை ஓரத்தில் ஒரு மரக்கூண்டு வைத்தோம். அதுதான் கவுன்டர். அங்கே விற்கிற டிக்கெட், கொட்டகையில் விற்கிறதோடு கலந்துவிடக் கூடாது. தனியாக அச்சடிக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்குப் பேர்போன பாய் ஒருவரின் அச்சகத்துக்குப் போனேன். வழியெல்லாம் கடலை ஞாபகம். எதற்கும் சாமி துணை இருக்கட்டும் என்று தோன்றியது.

"பாய், டிக்கெட்ல சாமி படம் ஒண்ணு போட்டுடுங்க."

"எந்த சாமி தம்பி?"

"நம்ம மலைதான்." இங்கே மலையேதான் சாமி.

"ஓரமா, சின்னதா போடவா?"

"பெருசாவே போடுங்க."

"பத்திரிகைன்னா பீரோல வெப்பாங்க. இது டிக்கெட்டு. பாத்துக்கோங்க."

பார்த்துக்கொண்டுவிட்டதாகச் சொன்னேன்.

டிக்கெட் பிரமாதமாக வந்தது. அடிவிளிம்பிலிருந்து மேல்விளிம்பு வரை மலை, உச்சியில் தீபம். சேர், பெஞ்ச், தரை என்கிற விவரமெல்லாம் மலையின் வயிற்றில் பொடி எழுத்தில் கிடந்தன.

முதல் நாள் மேட்னிக்குக் கவுன்டரில் எல்லாம் விற்றுப்போயின. மாமா கையைக் கட்டிக்கொண்டு கேட்டருகே நின்றார். கேட்டில் டிக்கெட் கிழிக்க நின்றவர் பவுர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர். முதல் டிக்கெட்டை வாங்கினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், முழுசாகத் திருப்பிக் கொடுத்தார்.

"கிழிங்க," என்றேன்.

"எத சார்?"

"டிக்கெட்டத்தான்."

"மலைய கிழிக்கச் சொல்றீங்களா?"

கிழிக்காத டிக்கெட், கழிப்பறை ஜன்னல் வழியாக வெளியே போய், இன்னொருவன் கையில் வாசல் வழியாக உள்ளே வரும். எங்கள் ரசிகர்களின் திறமையில் எனக்கு நம்பிக்கை உண்டு.

"குடுங்க, நானே கிழிக்கிறேன்," என்று வாங்கினேன். இரண்டு விரலும் மலையின் இரண்டு பக்கத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டன. நானும் அதே மலையைக் கும்பிட்டு வளர்ந்தவன்தான். வரிசை ரோடு வரை நீண்டிருந்தது.

"கையில சீல் குத்தி அனுப்பிடலாம்," என்றேன். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

"இன்னா சார், எலெக்‌ஷனா நடக்குது?" என்றான் வரிசையில் ஒருவன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. கீழ்பென்னாத்தூர் இருக்கிற திசையைப் பார்த்தார்.

உள்ளே மணி அடித்தது. வரிசையின் முன்னால் நின்ற அம்மாள், இடுப்புக் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "ஏம்பா, மலை மேல கூராத்தான இருக்குது? ரெண்டு பக்கமும் சும்மா வானம். அதக் கிழிங்களேன். படம் போட்டுட்டாங்க."

கேட்காரர் டிக்கெட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு திரும்பி நிஜ மலையையும் ஒருமுறை பார்த்தார்.

"வானம்னா கிழிக்கலாம்," என்றார்.

ஆனால் நான் பெரிசாகப் போடச் சொன்ன மலை. இரண்டு மூலையிலும் நகத்தளவுதான் வானம் மிச்சம். மலையில் படாமல் கிழிக்க அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு பூத்தொடுப்பது மாதிரி வேலை செய்தார். பின்வரிசைக்காரர்கள் உள்ளே போகும்போது கதாநாயகிக்குக் கல்யாணமே ஆகிவிட்டிருந்தது.

மாமா டப்பாவில் கிடந்த வானத் துண்டுகளை விரலால் கிளறிப் பார்த்தார். எல்லோர் டிக்கெட்டும் கிழிந்திருந்தது. மலையும் தப்பித்திருந்தது.

"அடுத்த கட்டுல வானம் ஜாஸ்தியா இருக்கட்டும்," என்றார். நான் கடலையிலிருந்து தப்பித்தது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அச்சகத்தில் போய் நின்றேன். "பாய், மலை கொஞ்சம் கம்மியா இருக்கட்டும்."

பாய் தலை நிமிரவில்லை. "ஓரமா, சின்னதா போடவா தம்பி?" என்றார்.