ஊர் எல்லையில் நின்ற ஆம்புலன்ஸ்

என் மாமனார் அரசு பஸ் டிரைவர். புதுக்கோட்டையிலிருந்து கட்டுமாவடி போகிற தடத்தில் பல வருஷம் ஓட்டினார். மீன் கூடையோடு ஏறும் பெண்களைக் கண்டக்டர் இறக்கிவிடப் பார்த்தால், இவர் வண்டியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருப்பாராம். சத்தம் போடுவதில்லை. அந்தப் பெண்கள் ஏறி, கூடைகளை ஓரமாகத் தள்ளி வைத்த பிறகுதான் வண்டி நகரும். இதை என்னிடம் சொன்னது என் கணவர். அப்பாவிடம் அவருக்குப் பயம் உண்டு, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பெருமையும் உண்டு.

எங்கள் வீடு வல்லத்திராக்கோட்டைப் பக்கம். போர் போட்டும் தண்ணீர் நிற்காத கொஞ்சம் நிலம். என் கணவர் ஏசி மெக்கானிக். கல்யாணமான மறு வருஷமே வளைகுடாவுக்குப் போனார். மாமனாருக்கு அதில் இஷ்டமில்லை, ஆனாலும் தடுக்கவில்லை. லீவில் வருவதும் போவதுமாக நாட்கள் ஓடின. கடைசியாகப் போனபோது எங்கள் மகள் அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தாள்.

ஒரு மத்தியானம் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் போன் செய்தார். என்னிடம் எதுவும் சொல்லாமல் மாமனாரைக் கேட்டார். மாமனார் போனைக் காதில் வைத்தபடி முருங்கை மரத்தடிக்குப் போய் நின்றார். நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். திரும்பி வந்து, "படுத்தவன் எந்திரிக்கலையாம்" என்றார். என் மாமியார் அரிசி களைந்துகொண்டிருந்தார். அந்தப் பாத்திரம் கவிழ்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அன்றைக்கு நடந்தது எதுவும் ஒழுங்காக நினைவில் இல்லை.

உடல் வந்துசேர வாரக்கணக்கில் ஆனது. அதுவரை எங்கள் வீடு சாவு வீடாகவும் இல்லை, சாதாரண வீடாகவும் இல்லை. சொந்தக்காரர்கள் வந்து அழுதுவிட்டுப் போனார்கள், மறுபடி வந்தார்கள், பிறகு எப்போது வரும் என்று போனில் மட்டும் கேட்டார்கள். மாமனார் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். ஒரு வழியாகத் தகவல் வந்ததும் திருச்சி ஏர்போர்ட்டுக்குத் தனியாகவே போனார். பயணிகள் வெளியே வருகிற வாசலில் காத்திருந்தாராம். சரக்கு வருகிற பக்கம் போக வேண்டும் என்று பிறகுதான் ஒருவர் சொல்லியிருக்கிறார். எந்தப் பேப்பருக்கு ஜெராக்ஸ் வேண்டும் என்பதும் தெரியாமல் வெயிலில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறார்.

ஆம்புலன்ஸ் நேராக வீட்டு வாசலுக்கு வந்தது. உள்ளே இருந்தது ஒரு மரப்பெட்டி. சுற்றிலும் ஆணி. வாசலில் இறக்கி வைத்துக் கடப்பாரையால் பலகையை நெம்பினார்கள். ஒவ்வொரு ஆணியும் கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்தது. உள்ளே இன்னொரு தகரப் பெட்டி. அதை வெட்ட வேண்டியிருந்தது. அந்தச் சத்தத்தில் என் மகள் வீறிட்டு அழுதாள். ஊரே சுற்றி நின்று எட்டிப் பார்த்தது. மருந்து வாடை வாசல் முழுக்கப் பரவியது. பெண்கள் என்னை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தார்கள், பார்க்காதே என்றார்கள். சிலர் பார்த்தால்தான் மனசு ஆறும் என்றார்கள். மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஆத்தா, மொகம் மாறியிருக்கு. பாக்கணும்னாப் பாரு. வேணாம்னா விட்டுரு. மத்தவுக சொல்றாகளேன்னு எதையும் செய்யாத."

நான் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

மாமனார் ஓய்வு பெற்ற பிறகு, கட்டுமாவடியிலிருந்து ஒரு செய்தி வந்தது. அவருடைய பஸ்ஸில் கூடையோடு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் மகன் வளைகுடாவில் இறந்துவிட்டான். பழைய கண்டக்டர்தான் சொன்னார். மாமனார் காக்கி பேண்ட்டைப் போட்டுக்கொண்டார். ஒரு பையில் கடப்பாரை, தகரம் வெட்டும் கத்தரி, இரண்டு துண்டு, ஒரு புது வேட்டி எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து அதுவே அவருடைய வேலையானது. செய்தி கேட்டுத் தேடி வந்தவர்கள் யாராக இருந்தாலும் கூடப் போனார். ஏர்போர்ட்டில் எந்த ஜன்னலில் என்ன கேட்பார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். ஆம்புலன்ஸை ஊருக்குள் விடமாட்டார். ஊர் எல்லையில் ஏதாவது மரத்தடியில் நிறுத்தச் சொல்லி, அங்கேயே பெட்டியைத் திறப்பார். முகத்தைத் துடைத்து, தலை சீவி, புது வேட்டி போர்த்தி, ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுவார். பலகைகளை அங்கேயே கொளுத்திவிட்டுத்தான் ஊருக்குள் போவார். வீட்டு ஆட்களுக்கு ஆணி பிடுங்கும் சத்தம் கேட்கக்கூடாது என்று என்னிடம் ஒரு முறை சொன்னார். அது எந்தச் சத்தம் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. மாமனார் திரும்பி வந்து கொல்லைப்புறம் மோட்டார் தண்ணீரில் குளிக்கும்போது மாமியார் உள்ளறையை விட்டு வெளியே வரமாட்டார். அன்றைக்குச் சோறு போடுவது நான்தான். ஒரு நாள் மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து, "ஒரு பெட்டிய எறக்குனது பத்தாதா ஒங்களுக்கு?" என்று கேட்டார். மாமனார் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார். அப்படியே வருஷங்கள் போயின. இதற்கிடையில் என்னை பி.எட். படிக்க வைத்ததும், தினமும் வண்டியில் கொண்டுபோய் பஸ் ஸ்டாப்பில் விட்டதும் அவர்தான். நான் வேலையில் சேர்ந்த அன்று காலையில்கூட ஒரு பெட்டிக்காகத் திருச்சிக்குப் போயிருந்தார்.

குன்றாண்டார்கோவில் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்ததை அவர் என்னிடம் மட்டும் சொன்னார். அன்றும் வழக்கம்போலக் கண்மாய்க் கரையில் ஆம்புலன்ஸை நிறுத்திப் பெட்டியைத் திறந்திருக்கிறார். கூட இருந்தது இறந்தவனின் தம்பி. அவன் குனிந்து பார்த்துவிட்டு நிமிராமலே, "இது எங்கண்ணன் இல்ல" என்றானாம். உடல் மாறி வந்திருக்கிறது. ஊருக்குள் பந்தல் போட்டு, அம்மா காத்துக்கொண்டிருக்கிறாள். தம்பி இவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறான். மூடிவிடலாம், முகத்தைக் காட்டாமல் காரியத்தை முடித்துவிடலாம், அம்மா இன்னொரு முறை காத்திருந்தால் செத்துப்போவாள் என்று.

"இவனுக்கும் ஒரு ஆத்தா இருப்பாள்ல தம்பி" என்று மட்டும் சொன்னாராம் மாமனார்.

பெட்டியை மறுபடி மூடி, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, தம்பியோடு நடந்தே ஊருக்குள் போயிருக்கிறார். வந்தது உங்கள் மகன் இல்லை, உடல் மாறிவிட்டது என்று அந்த அம்மாவிடம் இவரே சொன்னார். அவள் அழுகையை நிறுத்தினாள். கலைந்த தலையை அள்ளி முடிந்தாள். செத்தது வேறு யாரோ, தன் மகன் உயிரோடு இருக்கிறான் என்றே அவள் புரிந்துகொண்டாள். இவர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். கூட்டத்திலும் அழுகையிலும் சிரிப்பிலும் அவர் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. பந்தலைப் பிரிக்கச் சொல்லிவிட்டு அந்த அம்மா இவர் காலில் விழுந்திருக்கிறாள்.

சில வாரம் கழித்துச் சரியான பெட்டி வந்தது. அதையும் கொண்டுபோகக் கூப்பிட்டார்கள். போகாமல் இருந்திருக்கலாம், போனார். அந்த அம்மா இந்த முறை அழவில்லையாம். நேராக இவரிடம் வந்து, "ரெண்டு தடவ கொன்னுட்டீகளேய்யா எம்மகன" என்றாளாம். இவர் கைகூப்பி நின்றிருக்கிறார்.

மறுநாள் காலையில் கொல்லைப்புறத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் சொன்னார். "நான் செஞ்சது சரியா தப்பான்னு தெரியலத்தா." இன்னொரு அம்மாவுக்கு அவள் மகன் கிடைத்திருப்பானே என்றேன். "கெடச்சுட்டான். வெசாரிச்சேன். அது தெரிஞ்சும் மனசு கேக்க மாட்டேங்குது" என்றார்.

அதன் பிறகு யார் கூப்பிட்டாலும் போனார்தான். ஆனால் வந்து எதையும் சொல்வதில்லை. வீட்டில் பேத்தியோடு மட்டும் பேசினார். பிறகு பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. மாமியார்தான் எல்லாம் பார்த்தார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பீ மூத்திரம் எடுப்பது எதையும் என்னைத் தொட விடவில்லை. கோபம் தீர்ந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

போன மாசியில் இறந்தார். பந்தலில் பாதி நாற்காலி காலியாகக் கிடந்தது. கட்டுமாவடியிலிருந்து சிலர் வந்தார்கள். அவர் போய் நின்ற மற்ற வீடுகளிலிருந்து ஏறக்குறைய யாருமே வரவில்லை. என் நாத்தனாருக்கு அதில் பெரிய மனக்குறை. எனக்கு அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவர்களுக்கு எந்த நாள் கண் முன்னால் வரும் என்பது எனக்குத் தெரியும்.

அவருடைய போனை நாங்கள் நிறுத்தவில்லை. இப்போதும் அழைப்பு வருகிறது. போன வாரம் மாமியார் எடுத்தார். "அவுக தவறிட்டாகப்பா" என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. எந்த ஊர், பையனுக்கு என்ன வயசு, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தப் பக்கம் யாரோ நெடுநேரம் பேசினார்கள்.

"பெத்தவளத் தனியா விட்றாதீங்க" என்றார் கடைசியில். "சோறு எறங்காது. கஞ்சி வச்சுக் குடுங்க."

போனை அலமாரியில் வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போனார்.