மதிலுக்கு வெளியே

பெரியப்பா தோட்ட வேலை பார்த்த அந்தப் பழைய பங்களாவை எங்கள் குடும்பத்தில் கோட்டை வீடு என்பார்கள். உட்லண்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். காடாகக் கிடந்த மேட்டை அழித்து ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியது. முதலில் மிளகு போட்டாராம், பிறகு ரப்பர். வீட்டைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்கு மதில்; அதில் துப்பாக்கி நீட்டச் சிறு சிறு துவாரங்கள். புலிகளுக்குப் பயந்து கட்டிய மதில் என்று வாசல் பலகை சொன்னது.

“புலி காட்டுப் பக்கமாத்தான வரும்? ஓட்டையெல்லாம் நம்ம லயத்தப் பாத்துல்ல இருக்கு,” என்பார் பெரியப்பா.

லயம் என்பது தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த வரிசை வீடுகள். அப்பாவும் பெரியப்பாவும் அங்கே பிறந்தவர்கள். லயம் எப்போதோ இடிந்துபோய், மதிலுக்கு வெளியே பத்துப் பதினைந்து புதைகுழிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. ஒன்று என் அத்தையுடையது. ஒன்பது வயதில் காய்ச்சலில் போனவள். சாங்கி விமான நிலையத்தில் சூப்பர்வைசராக இருந்த அப்பாவுக்குத் தோட்டப் பேச்சே ஆகாது. எங்களோடு இருந்த பெரியப்பா மட்டும் துரை வீட்டுப் புல்லை வெட்டி முடித்ததும், வெளியே வந்து தங்கையின் குழியைச் சுற்றியும் வெட்டிவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

எனக்கும் அப்போது ஒன்பது வயது. வகுப்பில் ஆங்கிலத்துக்கு நான்தான் முதல். அந்தப் பெருமை வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா என்னை அங்கே அழைத்துப் போனார். குழிகளுக்கு நடுவே கம்பு நட்டு ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வைத்திருந்தார்கள்.

“படிச்சு சொல்லும்மா. ஒங்கப்பன்கிட்ட கேட்டா கத்துவான்.”

பாதிச் சொற்கள் எனக்குப் புரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“இந்த இடத்த கிளீன் பண்ணப் போறாங்க பெரியப்பா. குழியெல்லாம் அவங்களே பாத்துக்குவாங்களாம்.”

“நாம ஏதும் செய்யணுமா?”

“வேணாம்.”

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அன்று என்னைத் தேக்கா சந்தைக்குக் கூட்டிப்போய் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். மறுவாரமே அத்தையின் தலைமாட்டுக் கல்லுக்கு வெள்ளையடித்தார். பார்த்துக்கொள்ள வருகிறவர்களுக்கு, இது ஆள் இல்லாத குழி என்று தோன்றிவிடக் கூடாதாம்.

பள்ளி விடுமுறையில் அத்தையின் நினைவு நாள் வந்தது. மாலை வாங்கிக்கொண்டு போனோம். மதிலும் வீடும் அப்படியே இருந்தன. வெளியே தகரத் தடுப்பு; கிளீன் பண்ணுகிறார்கள் என்று நினைத்துப் பெரியப்பா சில வாரமாக அதற்குள் போகாமல் இருந்தார். அன்று எட்டிப் பார்த்தால் உள்ளே வெறும் செம்மண்.

அங்கிருந்த காவலாளி சொன்ன அரசாங்க அலுவலகத்துக்குப் போனோம். முகப்பில் இருந்த தமிழ்ப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னாள்.

“நோட்டீஸ் போட்டிருந்தோமே அங்கிள். சொந்தக்காரங்க ரெஜிஸ்டர் பண்ணாத குழியெல்லாம் தோண்டி, எரிச்சு, கடல்ல கரைச்சுட்டாங்க. டேட் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு லா.”

“எந்தப் பக்கத்துக் கடல்லம்மா?”

“அது தெரியாது, அங்கிள்.”

“சும்மா, எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லும்மா.”

அவள் தெரியாது என்று தலையை அசைத்தாள். பெரியப்பா திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த எதையோ படிப்பதுபோல நின்றுகொண்டேன். பஸ்ஸில் அவர் மாலையைப் பையிலிருந்து எடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தார்.

விஷயம் தெரிந்ததும் அப்பா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

“நோட்டீஸ் போட்டிருந்தாங்களாமே. அங்கயேதான வேல பாக்குற, ஒனக்குக் கண்ணு இல்லையா? ஏன் என்கிட்ட சொல்லல?”

“நான் பாக்கலடா,” என்றார் பெரியப்பா. “கொஞ்ச நாளா அந்தப் பக்கமே போகல.”

அப்பா அதன்பின் அவரோடு பேசவில்லை. அடுத்த மாதம் பெரியப்பா எங்கள் வீட்டைவிட்டு ஆங் மோ கியோவில் ஓர் ஓரறை வாடகை வீட்டுக்குப் போனார். நான்கு வருடம் கழித்து அங்கேயே, தனியாக இறந்துபோனார். அதுவரையிலும் அப்பா அந்தப் படியேறவில்லை. நானும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நோட்டீஸைப் பார்க்கவில்லை என்று அவர் அப்பாவிடம் சொன்ன அன்று நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பெரியப்பாவுக்கு வயதாகிவிட்டது, நான் படித்துச் சொன்னது அவருக்கு மறந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். பெரிய நிம்மதியாக இருந்தது.