முப்பத்திரண்டாவது சிங்கம்

வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு இங்கிலீஷ் எடுக்க வந்தபோது, மாடியில் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. சொந்த ஊர் ஜெயங்கொண்டம் பக்கம். வீட்டுக்காரர் மஸ்கட்டில். பேச்சுத் துணைக்கு எனக்கு ஏழாம் வகுப்பு நோட்டுகள்தான். சாயங்காலம் கட்டோடு தூக்கிவந்து திருத்துவேன். அதுவும் என்ன துணை? எல்லா நோட்டும் ஒரே பேச்சைத்தான் பேசும்.

அந்த வாரம் சிமிலியும் பெர்சானிஃபிகேஷனும் நடத்தினேன். ஒன்றை இன்னொன்று மாதிரி என்று சொன்னால் சிமிலி. உயிரில்லாத பொருள் ஆள் மாதிரி பேசினால், அழுதால் பெர்சானிஃபிகேஷன். அலிட்டரேஷனுக்கு மட்டும் தொண்டைத் தண்ணீர் வற்றவில்லை. "நம்ம மோனைதான மிஸ்?" என்று கடைசி பெஞ்சிலிருந்தே குரல் வந்துவிட்டது. சந்தோஷத்தில், "சொந்தமா அஞ்சு வாக்கியம் எழுதிட்டு வாங்க" என்றேன். எங்கள் பள்ளியில் சொந்தமாக என்றால், பக்கத்தில் இருப்பவளைப் பார்க்காமல் கைடைப் பார்த்து எழுதுவது. அது எனக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

மறுநாள் திருத்த உட்கார்ந்தால், முப்பத்திரண்டு நோட்டில் முப்பத்தொரு சிங்கம். அவன் சிங்கம் போல வீரமானவன். டிக். காற்று காதில் ரகசியம் சொன்னது. டிக். கை தானாக ஓடியது.

ஒரே ஒரு நோட்டில் பேனா நின்றது. சுவரோரம் உட்காரும் பெண். வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். தப்பும் தவறுமான இங்கிலீஷில் எழுதியிருந்தாள்: 'எங்கள் வீட்டில் குக்கர் என்னைக் கூப்பிடும். நான் வரேன் என்பேன். வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள்.' எனக்குச் சுள்ளென்று வந்தது. கைடில் இல்லாததை எழுதுகிற தைரியமா! குறுக்கே கோடு போட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: 'குக்கர் கூப்பிடாது. விசிலடிக்கும். சரியாக எழுதி வா.'

மறுநாள் நோட்டுகளைக் கொடுத்துவிட்டு வந்து, அரிசி வைத்து, துணி மடித்துக்கொண்டிருந்தேன். குக்கர் உஸ்ஸென்று கிளம்பியது. "இரு, இரு, வந்துட்டேன்" என்றேன். தினமும் சொல்வதுதான், அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து நான் பேசிய முதல் பேச்சு அது.

அடிப் பாவி, என்ன காரியம் பண்ணினாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பாடம் நடத்தியவளுக்கே பாடம் புரியவில்லை. நான் கேட்டதைக் கேட்டபடி எழுதியவள் அவள் ஒருத்திதான். அதற்குப் போய்க் கோடு போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சோறு இறங்கவில்லை.

காலையில் மணி அடிப்பதற்கு முன்பே அவளைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பக்கத்த எடு கண்ணு."

"கிழிச்சுட்டேன் மிஸ். சரியா எழுதிட்டேன், பாருங்க."

நோட்டை நீட்டினாள். முத்து முத்தான கையெழுத்தில் அதே சிங்கம்.

"வூட்ல யாரும்மா இருக்கா?"

"அம்மா திருப்பூர்ல மிஸ். அப்பா மக்காச்சோளம் அடிக்கிற மிஷினோட போயிடுவாரு. நாந்தான் சோறாக்குவேன்."

கோடு போட்ட கையால் அவள் தோளைத் தொட்டேன். "நீ முன்னாடி எழுதுனதுதான் சரி. எங்க வூட்லயும் குக்கர்தான் என்னக் கூப்பிடுது. நானும் வரேன்னுதான் சொல்றேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளைச் சோதிக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டாள். மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற குரலில், மரியாதையாகச் சொன்னாள்.

"குக்கர் கூப்பிடாது மிஸ். விசிலடிக்கும்."